துடைப்பம் யார் கையில்? கேரள எல்லைப் பள்ளிகளில் ஓரவஞ்சனையைத் தட்டிக்கேட்கும் வழி

என் மகள் ஆறாவது படித்த வருடம், வெள்ளிக்கிழமை வந்தாலே முகம் சுண்டிப்போய்த்தான் வீட்டுக்கு வருவாள். அன்று கடைசி பீரியட் விளையாட்டு. பையன்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிடுவார்கள். பெண்பிள்ளைகள் வகுப்பைக் கூட்டி, பெஞ்சைத் துடைத்து, வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அதற்குள் மணி அடித்துவிடும். விஷயம் தெரிந்ததும் நேரே பள்ளிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். “வீட்டில் கூட்டுவதில்லையா அவள்? இங்கே கூட்டினால் என்ன குறைந்துவிடும்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

பதில் தெரிவதற்குக் கொஞ்ச காலம் ஆனது. அதற்கப்புறம் பி.டி.ஏ. என்னும் பெற்றோர்-ஆசிரியர் சங்கம், தாய்மார் பி.டி.ஏ. என்று பல கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்துவிட்டேன். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து கல்யாணமாகியோ தோப்பு வேலைக்கோ கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் வந்து சேரும் குடும்பங்கள் இப்போதும் என்னிடம் கேட்பதுண்டு: “இங்கே ஆபீஸெல்லாம் மலையாளம், யாரிடம் போய்ச் சொல்வது?” அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சித்தூர் தாலுகாக்காரி. ஆந்திராவில் உள்ள சித்தூர் இல்லை, பாலக்காட்டு சித்தூர்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1972இல் ஒரு சட்டம் வந்தது. அதன் மையமான வாக்கியம் ஆங்கிலத்தில் 37 சொற்கள்தான். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண், பெண் என்று பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது, பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். ‘டைட்டில் நைன்’ என்பார்கள். நம்மிடம் அப்படி ஒற்றைச் சட்டம் இல்லை. அரசியலமைப்பில் ஒரு துண்டு, கல்வி உரிமைச் சட்டத்தில் ஒரு துண்டு, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் ஒரு துண்டு என்று எடுத்து ஒட்டுப்போட்டுத்தான் நம் பிள்ளைக்குச் சட்டை தைக்க வேண்டும். எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்று தெரிந்தால் போதும், வக்கீல் இல்லாமலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

அது யார் பணத்தில் ஓடும் பள்ளி?

பெயர்ப்பலகையைப் பாருங்கள். ஜி.எல்.பி., ஜி.யு.பி., ஜி.ஹெச்.எஸ்.எஸ். என்று முன்னால் ‘ஜி’ இருந்தால் அரசுப் பள்ளி. ஏ.எல்.பி., ஏ.யு.பி. என்று இருந்தால் பெரும்பாலும் எய்டட், அதாவது அரசு உதவி பெறும் பள்ளி. கேரளத்தில் அரசுப் பள்ளிகளைவிட எய்டட் பள்ளிகளே அதிகம். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். கட்டிடம் மேனேஜருடையது, டீச்சரை வேலைக்கு வைப்பதும் மேனேஜர்தான், ஆனால் சம்பளம் வருவது அரசு கஜானாவிலிருந்து. 1958ஆம் வருடக் கேரளக் கல்விச் சட்டம் செய்த ஏற்பாடு அது. “இது எங்கள் பள்ளி, எங்கள் விதி” என்று எய்டட் பள்ளியில் யாராவது சொன்னால், “சம்பளம் யார் தருகிறார்கள், மாஷே?” என்று மரியாதையாகவே கேட்கலாம்.

அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, மதம், சாதி போன்றவற்றோடு பாலையும் சேர்த்து, அந்த அடிப்படையில் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு செய்யலாம் என்று அனுமதிக்கிறது. அதனால் பெண்கள் பள்ளி இருப்பதே தப்பு என்று வாதாடிப் பயனில்லை. ஆச்சரியம் என்னவென்றால், அரசு நடத்தும் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் யாருக்கும் அட்மிஷன் மறுக்கக் கூடாது என்று சொல்லும் 29ஆவது பிரிவில் மதம், இனம், சாதி, மொழி எல்லாம் இருக்கின்றன, ‘பால்’ மட்டும் இல்லை. ஆகவே மனுவில் 29ஐ எழுதாதீர்கள், 15ஐ எழுதுங்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. இதில் ஒரு ஓட்டை உண்டு, யாரும் வெளியே சொல்வதில்லை. சிறுபான்மை நிர்வாகம் என்ற அந்தஸ்து உள்ள பள்ளிக்கு, அது எய்டட் ஆனாலும், இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ‘பிரமதி’ வழக்கில் சொல்லிவிட்டது. நம் பக்கத்தில் அப்படிப்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. அங்கே கல்வி உரிமைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் முதல் பதிலிலேயே தட்டிக்கழிப்பார்கள். அந்தப் பள்ளி என்றால் கல்வித் துறையும் குழந்தை உரிமை ஆணையமும்தான் வழி. போக்சோ மட்டும் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். ஆகவே மனு எழுதும் முன் பள்ளி அரசா, எய்டட்டா, சிறுபான்மை அந்தஸ்து உள்ளதா என்று மூன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏ.ஈ.ஓ. (உதவிக் கல்வி அதிகாரி) ஆபீஸில் கேட்டால் சொல்வார்கள்.

எது ஓரவஞ்சனை?

பெரிய அநியாயம் நடந்தால் எல்லோருக்கும் கண்ணில் படும். தினசரி நடப்பதுதான் பழகிப்போய்விடும். நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். லீடர் எப்போதும் பையன், துணை லீடர் எப்போதும் பெண். சயன்ஸ் லேபில் பையன் செய்து காட்டுவான், பெண் நோட்டில் எழுதுவாள். எம்.எல்.ஏ. வருகிறார் என்றால் காலை ஒன்பது மணியிலிருந்து பெண்பிள்ளைகள் செட்டு முண்டு கட்டி, தாலப்பொலி என்னும் வரவேற்புத் தட்டோடு வெயிலில் நிற்பார்கள், அவர் வருவதோ பன்னிரண்டரைக்கு. அன்றைக்கு அவர்களுக்கு இரண்டு பாடம் போச்சு. பையன்களுக்குப் போகவில்லை.

பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குப் பூட்டு போட்டுச் சாவியை ஆபீஸ் அறையில் ஆணியில் மாட்டியிருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஆண் ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போய்ச் சாவி கேட்க வேண்டும். எந்தப் பெண் கேட்பாள்? காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பாள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும், எல்லாப் பள்ளிகளிலும், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, ஆறு மாதத்தில் கழிப்பறை வேண்டும் என்று உத்தரவிட்டது. பூட்டிய கழிப்பறை இல்லாத கழிப்பறைக்குச் சமம் என்பது என் கட்சி.

பையன்களுக்கும் நடக்கும். ஒரே தப்புக்குப் பெண்ணுக்குத் திட்டு, பையனுக்குப் பிரம்பு என்றால் அதுவும் ஓரவஞ்சனைதான். அரிசி மூட்டை இறக்கப் பையன்களைக் கூப்பிடுவது, கலோத்சவம் என்னும் பள்ளிக் கலைவிழாவுக்குப் பரதநாட்டியம் பயிலும் பையனைக் கேலி செய்துவிட்டு ‘தமாஷ்’ என்பது, எல்லாம் இதில் சேரும். திருநங்கை, திருநம்பிப் பிள்ளைகளுக்கு 2019ஆம் வருடச் சட்டம் தனியாக இருக்கிறது. அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகரித்த எந்தக் கல்வி நிறுவனமும் அவர்களைப் பாகுபாடின்றிச் சேர்த்துப் படிக்கவைக்க வேண்டும்.

“இதெல்லாம் சின்ன விஷயம்” என்று சொல்பவர்களுக்குச் சொல்ல நம் ஜில்லாவிலேயே ஆதாரம் இருக்கிறது. பாலக்காட்டு மாத்தூர் பஞ்சாயத்து 2021இல் தன் ஆபீஸில் ‘சார்’, ‘மேடம்’ என்ற விளியையே நீக்கியது. 2023 ஜனவரியில் மாநிலக் குழந்தை உரிமை ஆணையம், ஆணோ பெண்ணோ ‘டீச்சர்’ என்றே பிள்ளைகள் கூப்பிடட்டும் என்றது. 2024இல் வந்த மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அப்பா தேங்காய் துருவும் படம் போட்டார்கள். கூப்பிடும் சொல்லையும் துருவலையும் அரசே கவனிக்கும் ஊரில், துடைப்பத்தைக் கவனிக்கச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

நோட்டில் இரண்டு பத்தி

நான் முதலில் செய்த தப்பு, கோபத்தோடு போனது. “என் மகளைக் கேவலப்படுத்துகிறீர்கள்” என்றேன். “யாரும் கேவலப்படுத்தவில்லையே” என்றார்கள். அதோடு முடிந்தது. மனவருத்தத்தை யாரும் மறுத்துவிடலாம், கணக்கை மறுப்பது கஷ்டம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் ‘பையன்கள்’, வலப்பக்கம் ‘பெண்பிள்ளைகள்’ என்று எழுதுங்கள். தேதி போட்டு, அன்று என்ன நடந்ததோ அதை மட்டும் எழுதுங்கள். ‘7ஆம் தேதி, வெள்ளி, கடைசி பீரியட். பையன்கள்: 40 நிமிஷம் ஃபுட்பால். பெண்பிள்ளைகள்: 30 நிமிஷம் கூட்டல், 10 நிமிஷம் கயிறு.’ இவ்வளவுதான். அபிப்பிராயம் வேண்டாம். நாலு வாரம் எழுதினால் அது உங்கள் வீட்டுப் புலம்பல் என்ற நிலை மாறி, பள்ளியின் நடைமுறை என்று ஆகிவிடும். இன்னும் இரண்டு வீட்டில் அதே மாதிரி எழுதினால் நல்லது. தோப்பு வேலைக்குப் போகும் அம்மாக்கள் எழுதத் தயங்குவார்கள், அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி வாசித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

பிள்ளையைத் தினமும் உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். சாப்பிடும்போது “இன்னைக்கு என்ன விளையாடினே?” என்று கேட்டால் போதும், அவளே சொல்வாள்.

பேச்சு முதலில், ஆனால் ஒரே தடவை

வகுப்பு டீச்சரிடம் ஒரு தடவை, ஹெச்.எம்.மிடம் ஒரு தடவை பேசுங்கள். பாதி விஷயம் இங்கேயே தீரும். பல டீச்சர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, அவர்கள் படித்த பள்ளியிலும் அப்படித்தான் நடந்திருக்கும். தனியாகப் போகாதீர்கள், இன்னொரு தாயைக் கூட்டிப்போங்கள். உங்களுக்கு மலையாளம் தடுமாறும் என்றால் தமிழிலேயே பேசுங்கள். சித்தூர்ப் பக்கம் தமிழ் புரியாத டீச்சர் குறைவு. தடுமாறிய மலையாளத்தில் பேசினால் நாம் குரலைத் தாழ்த்திவிடுகிறோம், அதுதான் பிரச்சினை.

வீட்டுக்கு வந்ததும் யாரிடம், எந்தத் தேதியில், என்ன பேசினோம், என்ன பதில் வந்தது என்று அதே நோட்டில் எழுதிவிடுங்கள். இரண்டு வாரம் பொறுங்கள். மாற்றம் இல்லையென்றால் திரும்பத் திரும்பப் போய்ப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். வாய்ப்பேச்சு எத்தனை தடவை நடந்தாலும் ஃபைலில் ஏறாது.

மனு, தமிழிலேயே

இதைக் கேட்டால் பலர் நம்புவதில்லை. 1969ஆம் வருடக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம். தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் எழுதலாம், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள உள்ளூர் ஆபீஸ்களுக்கும் எழுதலாம். பதிலும் அந்த மொழியில் வர வேண்டும். சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் இருப்பவர்கள் இதைத் தைரியமாகப் பயன்படுத்தலாம். “மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா” என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினால், அந்தச் சட்டத்தின் வருடத்தைச் சொல்லுங்கள். வருடம் சொன்னாலே பாதிப் பேர் வாங்கிக்கொள்வார்கள்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நான் இரண்டாம் தடவை எழுதியது ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது:

“பெறுநர்: தலைமை ஆசிரியர் அவர்கள். பொருள்: விளையாட்டு நேரத்தில் ஆண், பெண் மாணவருக்கிடையே வேறுபாடு.
என் மகள் 6ஆம் வகுப்பில் படிக்கிறாள். ஜூலை மாதம் நான்கு வெள்ளிக்கிழமைகளிலும் கடைசி பீரியடில் ஆண் மாணவர்கள் மட்டும் மைதானத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பெண் மாணவிகள் வகுப்பறையைச் சுத்தம் செய்யும்படி சொல்லப்பட்டார்கள். தேதிவாரி விவரம் இணைத்துள்ளேன்.
இது அரசியலமைப்பின் 15ஆம் பிரிவுக்கு மாறானது. சுத்தம் செய்யும் வேலையை எல்லா மாணவருக்கும் முறை வைத்துத் தரவும், விளையாட்டு நேரம் முழுவதையும் மாணவிகளுக்கும் தரவும் கேட்டுக்கொள்கிறேன். 15 நாளுக்குள் எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

இதில் யார் பெயரையும் சொல்லித் திட்டவில்லை, யாரையும் மாற்றல் செய்யக் கேட்கவில்லை. என்ன நடந்தது, என்ன மாற வேண்டும், எத்தனை நாளுக்குள் என்ற மூன்று மட்டும்தான். டீச்சரைத் தண்டிக்கச் சொல்லி எழுதினால் ஸ்டாஃப் ரூம் முழுக்க ஒன்றுசேர்ந்துவிடும். முறை வைக்கச் சொல்லி எழுதினால் நமக்கு ஆதரவாக இரண்டு டீச்சராவது அங்கேயே இருப்பார்கள். எனக்கு இருந்தார்கள்.

இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் சீலும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். இங்கே அதைக் ‘கைப்பற்று ரசீது’ என்பார்கள், அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். தர மறுத்தால் சண்டை வேண்டாம். தபால் ஆபீஸில் ஸ்பீடு போஸ்டாக அனுப்பிவிடுங்கள், அந்த ரசீதே சாட்சி.

பதில் வராவிட்டால்

மூன்று கதவு இருக்கிறது. எதைத் தட்டுவது என்பது பிள்ளையின் வகுப்பைப் பொறுத்தது.

கல்வித் துறை ஒன்று. எல்.பி., யு.பி. வகுப்பு (ஏழாவது வரை) என்றால் ஏ.ஈ.ஓ., ஹைஸ்கூல் என்றால் டி.ஈ.ஓ. (மாவட்டக் கல்வி அதிகாரி), பிளஸ் ஒன், பிளஸ் டூ என்றால் மண்டலத் துணை இயக்குநர். எய்டட் பள்ளியானாலும், சிறுபான்மை நிர்வாகமானாலும் சம்பள பில் இந்தத் துறை வழியாகத்தான் போகிறது, அதனால் அவர்கள் சொன்னால் காது கேட்கும்.

இரண்டாவது பஞ்சாயத்து. கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி, அந்தச் சட்டம் தரும் உரிமை சம்பந்தமான புகாரை உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் கொடுக்கலாம். இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். கழிப்பறை, அடி, மன உளைச்சல், அட்மிஷன் மறுப்பு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். எல்.பி., யு.பி. அரசுப் பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில், ஹைஸ்கூல்கள் ஜில்லா பஞ்சாயத்தின் பொறுப்பில் இருக்கின்றன. கேரளத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. உங்கள் வார்டு மெம்பர் பெண்ணாக இருந்தால் மனு கொடுக்கும் முன் அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். எங்கள் மெம்பர் எனக்குச் சொன்னது: “அக்கா, நானும் அதே பள்ளியில் துடைப்பம் பிடிச்சவதான்.” வார்டு அளவில் ‘ஜாக்ரதா சமிதி’ என்று ஒன்று இருக்கும், பெண்கள், குழந்தைகள் பிரச்சினைகளைப் பார்ப்பதற்கு. சில வார்டில் உயிரோடு இருக்கும், சில வார்டில் பெயரளவில்தான். கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, திருவனந்தபுரத்தில் இருக்கும் மாநிலக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம். பஞ்சாயத்து முடிவில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு இங்கேதான். நேரடியாகவும் எழுதலாம். 18 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளும் இதற்குள் வருவார்கள், அதனால் 14 வயது தாண்டிய பெண்ணுக்கும் சிறுபான்மைப் பள்ளிப் பிள்ளைக்கும் இது முக்கியம். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் கோர்ட்டைப் போன்ற அதிகாரம் இதற்கு உண்டு. ஆனால் இது சொல்வது பெரும்பாலும் பரிந்துரைதான், தீர்ப்பு இல்லை. உதாரணத்துக்கு, 2022 ஜூலையில் இந்த ஆணையம், 2023-24 கல்வியாண்டிலிருந்து ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி என்ற பிரிவே வேண்டாம், எல்லாவற்றையும் கலப்புப் பள்ளியாக்குங்கள் என்றது. இன்றைக்கும் தனிப் பள்ளிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் ஒரு தனிப்பட்ட பள்ளிக்கு ஆணையத்திலிருந்து கடிதம் வந்தால் அதன் எடையே வேறு.

பள்ளி மேலாண்மைக் குழுவையும் மறக்க வேண்டாம். சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். எய்டட் பள்ளியில் அந்தக் குழு ஆலோசனை மட்டும்தான் சொல்ல முடியும். அரசுப் பள்ளியில் கழிப்பறைச் சாவி, சுத்தம் செய்யும் முறை மாதிரி விஷயங்களைத் தீர்மானமாகவே எழுதிவிடலாம். கூட்டத்தில் பேசினால் மட்டும் போதாது, மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உடம்பு சம்பந்தப்பட்டது என்றால்

மேலே சொன்ன நோட்டு, இரண்டு வாரப் பொறுமை, ஹெச்.எம்.மிடம் பேச்சு எல்லாம் இங்கே கிடையாது. பிள்ளையைத் தப்பாகத் தொட்டார், ஆபாசமாகப் பேசினார், ஃபோனில் படம் காட்டினார் என்றால் அது போக்சோ. 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் இருக்கும் சட்டம், 18 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கும் பையனுக்கும் ஒன்றுபோல.

அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098க்கோ அவசர எண் 112க்கோ கூப்பிடுங்கள், அல்லது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். பள்ளி உள்விசாரணை நடத்தி முடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதே இல்லை. விஷயம் தெரிந்த யாரும், டீச்சரோ பள்ளி ஆலோசகரோ ஹெச்.எம்.மோ, போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரைப் பற்றிச் சொல்லாமல் மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. “பெண்ணோட பேரு கெட்டுப்போகும், பேசி முடிச்சுக்கலாம்” என்று வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். யார் வந்தாலும், சொந்தக்காரரே வந்தாலும், திண்ணையோடு அனுப்பிவிடுங்கள்.

மொழிக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. போலீஸ் எழுதும் மொழி பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று 19ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பிள்ளை தமிழில் சொல்லட்டும், எழுதியதைத் தமிழில் வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். வாக்குமூலம் வாங்க வீட்டுக்கே வர வேண்டும், அல்லது பிள்ளை விரும்பும் இடத்துக்கு. முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல். ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் போலீஸ் தெரிவித்தாக வேண்டும்.

எல்லைக்காரர்களுக்கு இன்னொன்று. லீவுக்குப் பொள்ளாச்சிப் பாட்டி வீட்டுக்குப் போன இடத்தில்தான் பிள்ளை வாய் திறக்கும், பலமுறை அப்படித்தான் நடக்கிறது. குற்றம் நடந்தது கேரளத்தில் என்பதால் பொள்ளாச்சி ஸ்டேஷனில் வாங்க மாட்டோம் என்று சொல்ல முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. அதை ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்பார்கள். பதிந்துவிட்டு உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்புவார்கள்.

பிள்ளையின் பெயர், படம், வீடு, பள்ளி, எதையும் வாட்ஸாப் குரூப்பில் போடாதீர்கள். ஆதரவு திரட்டுவதற்காகப் போட்டாலும் குற்றம்தான்.

டி.சி. என்னும் பூச்சாண்டி

“ரொம்பப் பேசினால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவோம்.” இதைக் கேட்டதும் பல அப்பாக்கள் அடங்கிவிடுவார்கள். கல்வி உரிமைச் சட்டம் பொருந்தும் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடியும் வரை ஒரு பிள்ளையை நீக்கவே முடியாது, 16ஆம் பிரிவு. நாமே மாற்ற விரும்பினால் அது நம் உரிமை. வேறு அரசு அல்லது எய்டட் பள்ளிக்கு, வேறு மாநிலத்துக்கும்கூட மாறலாம், ஹெச்.எம். உடனே டி.சி. தர வேண்டும். டி.சி. தாமதம் என்ற காரணத்தால் புதிய பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது. கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே சட்டம்தான். ஆந்திர எல்லையில் குப்பம், நகரிப் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கும் இதேதான், ஏ.ஈ.ஓ.வுக்குப் பதில் மண்டல் கல்வி அதிகாரி என்று ஆபீஸ் பெயர் மாறும், அவ்வளவே.

ஒரு எச்சரிக்கை. பள்ளியோடு மனஸ்தாபம் வந்ததும் “போதும், நின்றுவிடு” என்று வீட்டில் நிறுத்தப்படுவது முக்கால்வாசி பெண்பிள்ளைதான். பையனை மட்டும் வேறு பள்ளியில் சேர்ப்பார்கள். பள்ளியின் ஓரவஞ்சனையைக் கேட்கப்போய் வீட்டில் அதைவிடப் பெரிதாக ஒன்றைச் செய்துவிடுகிறோம்.

மனு கொடுத்த பிறகு பிள்ளையை வகுப்பில் குத்திக்காட்டினால், “உங்க அம்மா பெரிய வக்கீலா?” என்று கேட்டால், அதையும் தேதி போட்டு எழுதுங்கள். 17ஆம் பிரிவு அடியை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. இதற்கு இரண்டாவது மனு தனியாகக் கொடுங்கள், பழையதோடு கலக்காதீர்கள். பிள்ளையிடம் “நீ எதுவும் பேச வேண்டாம், இது அம்மாவுக்கும் ஹெச்.எம்.முக்கும் நடுவில் உள்ள விஷயம்” என்று சொல்லிவையுங்கள். மகளைத் தூது அனுப்பும் தப்பை நான் ஒரு தடவை செய்தேன். இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

என் மனுவுக்குப் பதினெட்டாவது நாள் எழுத்தில் பதில் வந்தது. சுத்தம் செய்ய வரிசை எண்படி முறை வைத்தார்கள், பையன்களும் துடைப்பம் எடுத்தார்கள். முதல் வாரம் தூசிதான் பறந்தது. மைதானம் மட்டும் உடனே கிடைக்கவில்லை. பெண்பிள்ளைகளுக்குத் தனியாகப் பந்து வாங்கக் காசில்லை என்றார்கள். தாய்மார் பி.டி.ஏ.வில் ஆளுக்குப் பத்து, இருபது என்று போட்டு சித்தூரில் ஒரு பந்து வாங்கிக் கொடுத்தோம். அந்தப் பந்தைப் பையன்கள் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று அடுத்த வெள்ளிக்கிழமை மகள் வந்து சொன்னாள். நோட்டை மறுபடி எடுத்தேன்.